வீட்டுக்காரர் பெயர் என்ன?

போடியில் என் படிப்பைச் சொல்லிப் புரியவைக்கும் முயற்சியை நான் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. அப்பா ஜீப்பு ஓட்டுகிறவர். விடிந்ததும் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலை ஏறுவார். வண்டியில் யாராவது, "அண்ணே, ஒங்க மக என்ன சோலி பாக்குது?" என்று கேட்டால், "லேப்புல இருக்கு" என்று சொல்லிவிட்டு கியரை மாற்றுவார். அதற்கு மேல் விளக்க அந்த வளைவுகளில் அவருக்கு நேரம் கிடையாது. பலனை அனுபவித்தவள் நான். தெருவில் பாதிப் பேர் சர்க்கரை ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார்கள். எதிர்வீட்டு மாமா ஒருநாள் காலையில் சின்ன பாட்டில் ஒன்றை மஞ்சள் பைக்குள் மறைத்து எடுத்துவந்து, "வெறும் வயித்துல எடுத்ததுத்தா" என்று வாசலிலேயே நின்றார்.

நான் படித்தது கருவியல். குழந்தை தங்காதவர்களின் முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்து, கருவாக வளர்த்து, டாக்டர் கையில் கொடுக்கிற வேலை. நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பெண் பார்க்க வந்த குடும்பம் ஒன்றில் ஓர் அம்மா ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, "அங்க ஆம்பளைக சமாச்சாரமெல்லாம் கையில தொடணுமாமே?" என்று கேட்டார். "கையில இல்லைங்க, கண்ணாடிக் குழாய்ல" என்று உள்ளதைச் சொன்னேன். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. நல்லதாகப் போயிற்று என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. எங்கள் தொழிலில் அது முதல் ஒழுக்கம். ஆனால் நான் சொல்ல வந்த விஷயமே ஒரு பெயரைப் பற்றியது என்பதால், எழுத உட்காரும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

இளங்கலையில் விலங்கியல் படித்தேன். அங்கே கருவியல் என்றால் கோழிமுட்டை. ஓட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பாக ஒரு புள்ளி துடிக்கும். அந்தத் துடிப்பைக் கண்ட கணத்திலேயே என் வாழ்க்கை முடிவாகிவிட்டது என்றெல்லாம் கதை விட மாட்டேன். அன்றைக்கு எனக்குப் பசிதான் எடுத்தது. பட்டம் வாங்கிய பிறகு எல்லோரும் பி.எட். படி, டீச்சராகப் போ என்று பிய்த்தெடுத்தார்கள். எனக்குப் பிள்ளைகளை மேய்க்கும் பொறுமை கிடையாது. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் சென்னையில் மருத்துவக் கருவியல் முதுகலைக்கு விண்ணப்பித்தேன். பிள்ளைகளிடமிருந்து தப்பிக்கப் போய் பிள்ளைகள் தொடங்குகிற இடத்திலேயே மாட்டிக்கொண்டேன் என்று அம்மா இப்போதும் கேலி செய்வாள்.

படிப்பில் ஏட்டுப் பாடம் மலை மாதிரி இருந்தது. கையால் செய்து பார்ப்பது சொற்பம். மனித முட்டையை மாணவர்கள் கையில் யார் கொடுப்பார்கள்? ஆட்டுத்தொட்டியில் அறுத்த ஆட்டின் சினைப்பையை வாங்கி, ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டு, மாநகரப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வருவோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "டீயா, காபியா?" என்று கேட்டது உண்டு. அதிலிருந்து முட்டைகளை உறிஞ்சி எடுத்து, மயிரிழை போன்ற குழாயால் ஒரு துளியிலிருந்து இன்னொரு துளிக்கு மாற்றிப் பழகினோம். முதல் சில வாரங்கள் என் கை நடுங்கிய நடுக்கத்தில் முட்டை எங்கே போயிற்று என்று தேடுவதே பிழைப்பாக இருந்தது. ஒருநாள் நடுக்கம் தானாக நின்றது. எதனால் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதுகலை முடித்தால் வேலை ஓடிவரும் என்று நினைத்தது தவறு. எங்கே போனாலும் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். யாரும் உள்ளே விடாமல் அனுபவம் எங்கிருந்து வரும்? என்னோடு படித்தவள் ஒருத்தி, கருவைச் சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டரை விற்கிற கம்பெனிக்குப் போனாள். ஒருவன் முனைவர் பட்டத்துக்காக வெளிநாடு போய், எலிக் கருவோடு குடும்பம் நடத்துகிறான். நான் சென்னையிலேயே ஒரு கிளினிக்கில் பயிற்சியாளராக ஒட்டிக்கொண்டேன். நெடுங்காலம் தரை துடைத்து, இன்குபேட்டரின் சூட்டைப் பார்த்துக் குறித்துவைப்பதுதான் வேலை. பிறகு விந்தணு கழுவ விட்டார்கள். அப்புறம் முட்டை, அப்புறம் உறையவைத்தல். கோபம் வராத நாளே இல்லை. ஆனால் கை பழகிவிட்டது.

அங்கே கை பழகியதைவிடப் பெரிதாக ஒன்று பழகிற்று, பயம். எங்கள் தொழிலில் கரு வளராமல் போவது துக்கம். அது எல்லோருக்கும் நடக்கும். ஆனால் ஒருவருடைய கரு இன்னொருவருக்குப் போய்விட்டால் அதைத் திருப்பவே முடியாது. அதனால் ஒவ்வொரு படியிலும் இரண்டு பேர் நின்று பெயரைப் படித்துச் சரிபார்ப்போம். கருவை வைக்கும் நாளில், அந்தப் பெண்ணே தன் பெயரையும் கணவர் பெயரையும் வாயால் சொல்ல வேண்டும். நாம் பெயரைப் படித்து அவள் தலையாட்டினால் செல்லாது. எதற்காக இந்தப் பிடிவாதம் என்று அப்போது எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது.

பிறகு போடியில், ஏலக்காய்க் கடைகள் இருக்கும் பகுதிக்குப் பின்னால், ஒரு சின்ன கிளினிக் திறந்தார்கள். மாடியில் வார்டு, கீழே ஆபரேஷன் அறையும் ஆய்வகமும். மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா குறிப்பிட்ட நாட்களில் வந்து போவார். ஆய்வகத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் சென்னை ஹாஸ்டலைக் காலிசெய்துவிட்டு வந்துவிட்டேன். வாசனை எதுவும் கருவுக்கு ஆகாது. எங்கள் ஆய்வகத்தில் பவுடர் கூடாது, மல்லிகைப்பூ கூடாது. ஊரே ஏலக்காயாய் மணக்கும் இடத்தில் காற்று வடிகட்டியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். ஆனால் என்னை உலுக்கிய விஷயம் காற்றில் வரவில்லை.

அன்றைக்கு இரண்டு பெண்களுக்குக் கரு வைக்க வேண்டியிருந்தது. ஒருத்தி ராசிங்காபுரம்; கல்லூரி வரை படித்தவள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இன்னொருத்தி மலையில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவள். இருவருக்கும் ஒரே பெயர். இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் அம்மன் பெயர் அது. கணவர்களுக்கும் முருகன் பெயர்தான் என்றாலும் வேறுவேறு பெயர்கள். ராசிங்காபுரத்துக்காரருக்குக் கடற்கரையில் இருக்கும் முருகன் பெயர். தோட்டத்துக்காரருக்கு மலைமேல் ஆண்டியாக நிற்கும் முருகன் பெயர். தோட்டத்துப் பெண்ணுக்கு இருந்தது ஒரே ஒரு கரு. பல முயற்சிக்குப் பிறகு தேறிய ஒன்று. காலையில் இருவருடைய கருக்களையும் உறைநிலையிலிருந்து எடுத்து, பெயர் எழுதிய சின்னத் தட்டுகளில் போட்டு, இன்குபேட்டரில் தனித்தனி அறையில் வைத்துவிட்டேன். இரண்டும் நன்றாக விரிந்திருந்தன.

எனக்கு நோயாளிகளின் முகம் அவ்வளவாகத் தெரியாது. ஆய்வகத்துக்கும் ஆபரேஷன் அறைக்கும் நடுவே இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகத்தான் அவர்களைப் பார்ப்பேன். அப்போது அவர்கள் தலையில் துணித்தொப்பியோடு படுத்திருப்பார்கள். அவர்களுடைய கருவை மட்டும் நன்றாகத் தெரியும். டாக்டரம்மாவுக்கும் வாரத்தில் எத்தனையோ முகம்.

முதலில் ராசிங்காபுரத்துப் பெண்ணை அழைத்துவரச் சொல்லியிருந்தோம். கட்டிலில் ஆளைப் படுக்கவைத்து, நர்ஸ் அந்தப் பெண்ணின் கையைத் தூக்கி எனக்கு ஜன்னல் வழியே காட்டினாள். மணிக்கட்டுப் பட்டையில் இருந்த பெயரும் என் தட்டில் இருந்த பெயரும் ஒன்றாகவே இருந்தன. நான் தட்டை இன்குபேட்டரிலிருந்து இன்னும் வெளியே எடுக்கவில்லை. வழக்கம்போலக் கேட்டேன்.

"உங்க பேரு சொல்லுங்கம்மா."

சொன்னாள்.

"வீட்டுக்காரர் பேரு?"

கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். அவள் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பூப்பாறைக்காரி. "அதான் மேல வார்டுல நான் பேரப் படிச்சப்ப இந்தப் பொண்ணு தலையாட்டிச்சே, அக்கா. பாத்துட்டுதான் பட்டையக் கட்டினேன்" என்றாள்.

"தலையாட்டினது போதாது. வாயால சொல்லணும்."

"சேச்சி, நா அவுக பேரச் சொல்றதில்ல" என்று அந்தப் பெண் நர்ஸிடம் சொன்னாள். என்னிடம் சொல்லக்கூடத் துணியவில்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நினைக்கிற பெண்களை நான் பார்க்காதவள் இல்லை. என் அம்மாவே அப்பாவை 'இந்தா' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் ஆய்வகத்துக்குள் அது வந்து நிற்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பிறந்த தேதியைக் கேட்டேன். "ஆதார் கார்டு அத்தகிட்ட இருக்கு" என்றாள். அத்தை என்றால் மாமியார். அவர் கதவுக்கு வெளியே, பெஞ்சில், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கேதான் சிக்கல் என்று எனக்குப் புரிந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கரு வைக்கும்போது ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரிவதற்காக, பெண்களை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்வோம். பாத்ரூம் போக விடமாட்டோம். "அக்கா, எனக்கு முட்டுதுக்கா, வெரசா முடிங்க" என்று அவள் கால்களை நெளித்தாள். டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு காத்திருந்தார். "பட்டையும் சரியா இருக்கு, பேரும் சரியா இருக்கு. அந்தப் பொண்ணு பாவம், குடும்மா" என்றார்.

டாக்டரம்மா என்னைவிட வயதிலும் படிப்பிலும் பெரியவர். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அவர் கண்ணுக்கு எல்லாமே பொருந்தியிருந்தது. எனக்கும் சந்தேகம் என்று எதுவும் கிடையாது. பிடிவாதம்தான் இருந்தது. வேலைக்கு வந்து சில மாதம்கூட ஆகாத நிலையில் இதற்கெல்லாம் மல்லுக்கட்டுவதா என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. "அவங்க சொல்லாம நான் தட்டை வெளிய எடுக்க மாட்டேன், மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

ஜன்னலில் தலையை நீட்டி, குரலைத் தணித்து, "இந்தா பாரு ஆத்தா, பேரச் சொல்ல வேணாம். என்ன சாமி பேருன்னாவது சொல்லு" என்றேன். அவளிடமிருந்து பேச்சை வரவழைப்பதுதான் என் எண்ணம்.

அவள் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. "முருகன் பேருதான்க்கா."

"அதான் எனக்கும் தெரியுமே. கடலோரமா இருக்கிற முருகன்தான?"

"இல்லக்கா. மலையில. மொட்டத் தலையோட, கோமணத்தோட நிப்பாருல்ல, அவரு."

என் தட்டில் எழுதியிருந்தது கடலோரத்து முருகன். டாக்டரம்மா கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார். நர்ஸ் மட்டும், "எல்லாம் ஒரே சாமிதானே" என்று முணுமுணுத்தாள்.

சாமியை வைத்து முடிவு செய்ய முடியாது. பெயர் வேண்டும். ஆய்வகத்தைச் சாத்திவிட்டுச் செருப்பை மாற்றிக்கொண்டு ஆபரேஷன் அறைக்குள் வந்தேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தைக்குக் கேக்காது. எங்க காதுல சொல்லு. நாங்க ரெண்டு பேரும் கேட்டாத்தான் கணக்கு" என்றேன். நானும் நர்ஸும் குனிந்தோம். முகமூடி போட்ட எங்கள் இரண்டு தலைகளுக்கு நடுவில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சாக அந்தப் பெயரைச் சொன்னாள்.

நாங்கள் நிமிர்ந்தோம். அது என் தட்டில் இருந்த பெயர் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். மாடி வார்டில் நர்ஸ் அந்த அம்மன் பெயரைக் கூப்பிட்டபோது ராசிங்காபுரத்துப் பெண் தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தாள். தன் பெயர் கேட்டதும் தோட்டத்துப் பெண்ணான இவள் எழுந்து வந்திருக்கிறாள். "வீட்டுக்காரர் பேரு இதுதானே?" என்று நர்ஸ் கடலோரத்து முருகனைப் படித்திருக்கிறாள். பக்கத்தில் மாமியார்; பையைச் சுருட்டுகிற மும்முரத்தில் அந்தப் பெயர் அவர் காதில் விழவில்லை. முன்னப்பின்னத் தெரியாத ஒருத்தி தன் புருஷன் பெயர் என்று ஏதோ சொல்லிச் சபையில் கேட்கிறாள். அந்தப் பேச்சு அந்த இடத்தில் முடிந்தால் போதும் என்று இவள் வேகமாகத் தலையாட்டியிருக்கிறாள். அந்தத் தலையாட்டலை நம்பிப் பட்டை கட்டப்பட்டது. பட்டையை நம்பி டாக்டரம்மா கையுறை போட்டார். அடுத்ததாக நம்ப வேண்டியிருந்தவள் நான்.

சுவரில் சாய்ந்துகொண்டேன். கரு இன்குபேட்டரை விட்டு நகரவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதை எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். நர்ஸ் அழ ஆரம்பித்துவிட்டாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றி எறிந்தார். யாரையும் திட்டவில்லை. "நான் கேட்டதுக்குக் குடுத்துறாம நின்னியே, அது போதும்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

பட்டையை வெட்டினோம். புதுப்பட்டை கட்டினோம். நான் உள்ளே போய், முதலில் எடுக்க இருந்த தட்டைத் தொடாமல், மற்ற அறையைத் திறப்பதற்கு முன் மறுபடி கேட்டேன். இந்த முறை அவள் நேராக என்னைப் பார்த்தே சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை என்று நான் பொய் சொன்னேன். இன்னொரு தடவை, கதவுக்கு வெளியேயும் கேட்கும்படிச் சொன்னாள். வெளியே பெஞ்சு கிரீச்சென்றது. ஆனால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மெல்லிய குழாயில் கருவை ஏற்றி டாக்டரம்மா கையில் கொடுத்தேன். ஸ்கேனில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னி நின்றது. குழாய் திரும்பி வந்ததும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துத் துழாவிப் பார்த்தேன். எதுவும் ஒட்டிக்கொண்டு மிஞ்சவில்லை. "போயிருச்சு" என்றேன். எத்தனையோ முறை சொன்ன வார்த்தைதான். அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டு இன்னொரு தடவை குழாயைத் துழாவிப் பார்த்தேன். அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. "இப்பவாச்சும் பாத்ரூமுக்கு விடுவீகளா?" என்றாள்.

அடுத்து ராசிங்காபுரத்துப் பெண் வந்தாள். கேட்பதற்கு முன்பே இரண்டு பெயரையும் கடகடவென்று ஒப்பித்தாள். அவளை நான் கட்டிக்கொள்ளாத குறை. அன்று மாலையே இரண்டு குடும்பத்தையும் உட்காரவைத்து நடந்ததைச் சொல்வதென்று முடிவு செய்தோம்; சொன்னோம். அந்த வாரமே வார்டிலும் பெயரைப் படித்துக்காட்டும் பழக்கத்தை நிறுத்தினோம். கரு ஒட்டுவதும் ஒட்டாததும் யார் கையிலும் இல்லை. மலைக்காரிக்கு ஒட்டியது. ராசிங்காபுரத்துக்காரிக்கு அடுத்த முறைதான் ஒட்டியது. ஆனால் என் நிம்மதி அந்த முடிவுகளுக்காகக் காத்திருக்கவில்லை. அவரவருடையது அவரவரிடம் போய்ச் சேர்ந்த அந்த மதியமே எனக்குப் பசி எடுத்து, இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு மாடி வார்டுக்குப் போனேன். அவள் ஜன்னலோரக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மாமியார் பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவள், "அக்கா, நா தலைய ஆட்டுனதுக்கு, வேற வீட்டுப் பிள்ளையவா எனக்கு வச்சிருப்பீக?" என்று கேட்டாள். ஆபரேஷன் அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறாள்.

"அதுக்குத்தான் ஆத்தா உன்னப் போட்டுப் படுத்துனேன்" என்றேன்.

மாமியார் என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. ஃபிளாஸ்க் மூடியைத் திருகியபடி, "அவன் பேரு ஊரு கூப்பிடத்தான வச்சோம். இவ கூப்பிட்டா மட்டும் தேஞ்சா போகும்? சொல்லித் தொலைய வேண்டியதுதான" என்றார். அதைக் கேட்டு மருமகள் வாயைப் பிளந்தாள். இத்தனை வருஷமும் மாமியாருக்குப் பயந்து அவள் விழுங்கிய பெயர் அது.

அப்போதுதான் கீழே தெருவில் அவளுடைய கணவர் தெரிந்தார். மலைப்பாதையில் லாரி ஒன்று குறுக்கே நின்று போக்குவரத்து அடைத்துக்கொண்டதால் காலையில் வர முடியாமல், ஏதோ லோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கியிருந்தார். போனில் சார்ஜ் இல்லை போலிருக்கிறது. கிளினிக்கைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், மருந்துக்கடைக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தா நிக்கிறான், கூப்பிடு" என்றார் மாமியார்.

அவள் மெதுவாக முழங்கையை ஊன்றி எழுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்து, கணவரின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

ஆட்டோக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஏலக்காய் மூட்டையைத் தோளில் வைத்திருந்தவர் நின்று திரும்பினார். டீக்கடைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அந்தப் பெயர்க்காரர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. அவளுடைய கணவர் மட்டும் திரும்பவில்லை. அந்தக் குரலில் தன் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். மூட்டைக்காரர், "என்னம்மா?" என்று மேலே பார்த்துக் கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அவள் தவித்துப்போய், "ஏங்க! இங்கிட்டு!" என்று கத்தினாள். அடுத்த நொடியே அவளுடைய கணவர் அண்ணாந்து பார்த்தார்.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மாமியாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கணவர் மேலே பார்த்தபடியே தெருவைக் கடக்க, ஆட்டோக்காரர் அவரைத் திட்டினார். அவள் சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, இரண்டு கைகளையும் அடிவயிற்றில் வைத்துக்கொண்டு பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, சிரிச்சா உள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது ஆத்தா. நல்லாச் சிரி" என்றேன்.